பத்துக்கு ஐந்து

ஜனவரி 6, செவ்வாய்

இந்த நோட்டை நான் கேட்டு வாங்கவில்லை. எங்கள் கால்பந்து அணியின் பிசியோ பிலோமினா மேடம் இருபத்திரண்டு பேருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். "தலையில அடிபட்டாலும் படலேன்னாலும் டெய்லி ரெண்டு வரி எழுதுங்க. தலைவலி இருந்துச்சா, தூக்கம் வந்துச்சா, கோவம் வந்துச்சா. எங்கிட்ட காட்ட வேணாம். நீங்களே திருப்பிப் படிச்சா போதும்."

கோபம் வந்ததா என்று என்னைக் கேட்டால் என்னத்தை எழுதுவது? கோபத்துக்குத்தான் எனக்குச் சம்பளமே. பெயர் நிரோஷா, வயது முப்பத்தொன்று, ஊர் வியாசர்பாடி, வேலை சென்டர் பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுப்பது. பந்து வந்தால் பந்தை அடிப்பேன், ஆள் வந்தால் ஆளை அடிப்பேன். போன சீசனில் என் நெற்றி பட்டு மூன்று பேருக்கு மூக்கு உடைந்தது. என் நெற்றி அப்படியேதான் இருக்கிறது.

இன்று மேடம் ஒரு வகுப்பு எடுத்தார். தலையில் அடிபட்டால் வரும் கன்கஷன் பற்றி. எவர்சில்வர் டப்பா நிறைய கெட்டித் தயிரைக் கொண்டுவந்து, மூடியை இறுக்கி என்னிடம் நீட்டி, "உன் பலத்துக்குக் குலுக்கு" என்றார். குலுக்கினேன். திறந்து காட்டினார். டப்பாவில் ஒரு கீறல் இல்லை. உள்ளே தயிர் உடைந்து தண்ணீர் விட்டிருந்தது.

"டப்பாதான் மண்டை. தயிர்தான் மூளை. வெளிய இருந்து பாத்தா டப்பா நல்லாத்தான் இருக்கும்."

எல்லோரும் கம்மென்று இருந்தார்கள். எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. "மேடம், ஊறுகா இருக்கா?" என்றேன். அறையே வெடித்துச் சிரித்தது. மேடமும் சிரித்தார்.

ஜனவரி 7, புதன்

சீசன் தொடங்கும் முன் எடுக்கும் தலைச் சோதனை இன்று. மேடம் பத்து வார்த்தை படிப்பார். ஐந்து நிமிடம் கழித்து அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். நம் மதிப்பெண் மேடத்தின் டேப்லெட்டில் ஏறிவிடும். ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் கோட்டோரம் நிற்க வைத்து இதையே திரும்பக் கேட்பார். மதிப்பெண் குறைந்தால் பன்னிரண்டு நாள் பெஞ்ச்.

இங்கிலீஷில் ஆறு பட்டியல் இருக்கிறதாம். தமிழில் மேடம் தானே உட்கார்ந்து எழுதியது ஒன்றுதான். மூன்று சீசனாக அதே பத்து: கரண்டி, சாவி, மழை, தலையணை, எறும்பு, விளக்கு, மாங்காய், ஏணி, நாய், பொத்தான்.

எனக்கு மனப்பாடம். இருந்தாலும் வேண்டுமென்றே ஐந்துதான் சொல்வேன். காலையும் இரண்டு தடவை தள்ளாட விடுவேன். அடிபட்ட அன்றைக்கு நிஜமாகவே ஐந்துதான் வரும். ஐந்துக்கு ஐந்து சரியாகப் போய்விடும், நான் உள்ளே போய்விடுவேன். எந்த டாக்டரும் இதைக் கண்டுபிடித்ததில்லை. காரணம், எந்த டாக்டரும் பன்னிரண்டு நாள் பெஞ்சில் உட்கார்ந்து தன் இடத்தில் இன்னொருத்தி ஓடுவதைப் பார்த்ததில்லை.

ஹாஸ்டலில் எல்லாப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன். என் அறையில் புதிதாக வந்திருக்கும் குழலிக்கு மட்டும்தான் புரியவில்லை. முழுப்பெயர் கார்குழலி, கடலூர், பத்தொன்பது வயது, ஃபார்வர்டு. வேலி ஓட்டைக்குள் புகுந்து வருகிற பூனை மாதிரி இரண்டு டிஃபெண்டருக்கு நடுவில் புகுந்து வருவாள். நான் பத்து வார்த்தையையும் ஒரே ஒரு தடவை சொன்னேன். அவள் ஒரு மெட்டுப் போட்டு, தொடையில் தாளம் தட்டிப் பத்தையும் பாடிவிட்டாள்.

"தெரிஞ்சத ஏன்க்கா தெரியலன்னு சொல்லணும்?"

"வெளாடணுமா, வேணாமா?"

"வெளயாடணும்க்கா."

"அப்ப மூடிக்கினு அஞ்சு சொல்லு."

ஐந்து சொல்லிவிட்டு வந்தாள். "படிக்கிற பொண்ணு, இவ்ளோதானா?" என்று மேடம் கேட்டாராம். அதைச் சொல்லும்போது முகம் சின்னதாகிவிட்டது அவளுக்கு. தலையில் ஒரு தட்டு தட்டிப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

வென்றோம். 2–1. இரண்டும் குழலி போட்ட கோல்.

எதிரணியின் ஒன்பதாம் நம்பர்க்காரி ஆட்டம் தொடங்கியதிலிருந்து முழங்கையால் என் விலாவைக் குத்திக்கொண்டே இருந்தாள். ரெஃப்ரி பார்க்கவில்லை. இருபதாவது நிமிடம் அவள் குதிகாலில் என் பூட்ஸின் அடி ஸ்டட்டை இறக்கினேன். அதையும் ரெஃப்ரி பார்க்கவில்லை, கணக்குச் சரி. எழுபதாவது நிமிடம் ஒரு கார்னர். இரண்டு பேரும் ஒன்றாக எழும்பினோம். என் நெற்றியும் அவள் தாடையும் மோதின. அவள் பல் ஒன்று புல்லில் விழுந்ததைப் பார்த்தேன். சின்னதாக, சுத்தமாக, வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அடுத்து நினைவிருப்பது, நான் கோட்டோரம் நிற்கிறேன், புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்குகிறது, மேடம் எதிரே நின்று வார்த்தை கேட்கிறார்.

ஐந்து சொன்னேன். நடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

கட்டுப் போட்டு உள்ளே அனுப்பினார். கடைசிப் பதினைந்து நிமிடம் எப்படி ஆடினேன் என்று கேட்டால் வீடியோவில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நன்றாக ஆடினேன் என்றார்கள்.

ஜனவரி 19, திங்கள்

தலைவலி இல்லை. வெயில்தான் அதிகம்.

ஜனவரி 22, வியாழன்

ஹாஸ்டல் மிக்ஸியை உடைத்துவிட்டேன். சமையல் செய்யும் சரளா அக்கா காலையில் சட்னி அரைத்தார். அந்தச் சத்தம் நேராக என் புருவத்துக்குள் இறங்கியது. நிறுத்தச் சொன்னேன். "ஒரு நிமிசம்மா" என்றார். ஒரு நிமிடமெல்லாம் என்னிடம் இல்லை. வயரோடு பிடுங்கித் தரையில் அடித்தேன். ஜார் உடைந்து சட்னி சுவரெல்லாம் தெறித்தது. ஒரு தகடு சரளா அக்காவின் முழங்கையைக் கிழித்தது.

"இன்னாம்மா, பேய் புட்சிக்கிச்சா உனக்கு?" என்று அழுதார். மன்னிப்புக் கேட்டேன். புது மிக்ஸி வாங்கி வைத்தேன். அந்த மிக்ஸி பழையது, சத்தம் ரொம்ப அதிகம். யாராக இருந்தாலும் கோபம் வரும்.

ஜனவரி 25, ஞாயிறு

அம்மாவுக்கு போன் பண்ணி, சரளா அக்கா கதையைச் சொன்னேன். "காலைலயேதான் சொன்னியேடி" என்றாள். அம்மாவுக்கு வயதாகிக்கொண்டு வருகிறது.

எனக்கு ஒன்றுமில்லை. வேண்டுமானால் எழுதிக் காட்டுகிறேன்: கரண்டி, சாவி, மழை, கடப்பாரை, எறும்பு, விளக்கு, நாய், பொத்தான். எல்லாம் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 2, திங்கள்

அறை டியூப் லைட் சிமிட்டிக்கொண்டே இருந்தது. துடைப்பக் கட்டையால் அடித்து நொறுக்கினேன். குழலி போர்வைக்குள் சுருண்டுகொண்டு, "அக்கா, அது நல்லாத்தான எரிஞ்சிச்சு" என்றாள். கண்ணாடித் தூளை அவளே கூட்டி அள்ளினாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

செமி ஃபைனல். 1–0. ஃபைனலுக்குப் போய்விட்டோம்!

பதினான்கு வருடமாக ஆடுகிறேன், ஃபைனல் ஆடியதில்லை. கோச் தேவசகாயம் சார் அடுத்த சீசனுக்கு என்னை எடுக்க மாட்டார், அது அவர் சொல்லாமலே தெரியும். ஆகவே இந்த ஃபைனல்தான் எனக்குக் கடைசி. அதற்குக் கோல் போட ஒருத்தி வேண்டும். எங்களிடம் இருப்பது குழலி ஒருத்திதான்.

இன்றைக்கும் கோல் அவளுடையதுதான். பறந்து தலையால் முட்டினாள். பந்து வலைக்குப் போன அதே நேரத்தில் எதிரணிக் கோல்கீப்பரின் முஷ்டி அவள் நெற்றிப்பொட்டில் இறங்கியது. பக்கத்தில்தான் இருந்தேன். மல்லாந்து விழுந்தாள். இரண்டு கையும் விறைத்து வானத்தைப் பார்த்து அப்படியே நின்றன. விரல்கள் கோணிக்கொண்டு, எதையோ வாங்குவதற்கு நீட்டியது போல. ஒன்று, இரண்டு என்று ஏழு வரை எண்ணினேன். பிறகு கை இறங்கியது. நான் கோலியின் கழுத்தைப் பிடித்துக் கம்பத்தில் மோதப் போனேன், இழுத்துவிட்டார்கள். மஞ்சள் கார்டு.

கோட்டோரம் மேடம் வார்த்தை கேட்டார். குழலி ஐந்து சொன்னாள். டேப்லெட்டிலும் ஐந்து. மேடத்துக்கு மனசு ஒப்பவில்லை. டேப்லெட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நிரோ, நீதான் ரூம்மேட்டு. உண்மைய சொல்லு. இவ எப்பவும் போலத்தான் இருக்காளா?"

குழலியின் கண் என்னைத் தாண்டி எங்கேயோ நின்றது.

"எப்பவும் இப்டித்தான் மேடம். பேக்கு மாரி முழிச்சினு இருப்பா."

பெண்கள் சிரித்தார்கள். மேடம் டேப்லெட்டை மூடினார்.

பிப்ரவரி 9, திங்கள்

குழலி காலையில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். நேற்று சாப்பிட்ட மீன் சரியில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

இடது கால் பூட்ஸை வலது காலில் மாட்டிக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பினாள். நான்தான் மாற்றிப் போட்டுவிட்டேன். லேஸ் கட்டும்போது, அந்தப் பத்து வார்த்தையைக் கேட்டுப் பார்க்கலாமா என்று தோன்றியது. கேட்கவில்லை. ஃபைனலுக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது.

பிப்ரவரி 11, புதன்

எழுதிவிடுகிறேன். யாரும் பார்க்கப் போவதில்லை.

கார்னர் பயிற்சி. சார் என்னைக் குழலிக்கு எதிராக நிறுத்தினார். காலையிலிருந்தே என் காதுக்குள் ஒரு ரீங்காரம். யார் பேசினாலும் அறைய வேண்டும் போல இருந்தது. முதல் பந்து, இரண்டாம் பந்து, இரண்டுக்கும் அவள் எழும்பவில்லை. "இன்னாடி, தூங்க வந்தியா? ஃபைனல்ல இப்டி நின்ன, மவளே, நானே மிதிப்பேன்" என்று கத்தினேன். "சரிக்கா" என்றாள்.

மூன்றாவது பந்து உயரமாக வந்தது. ஓடி வந்து எழும்பினேன். மேலே இருக்கும்போதே பார்த்துவிட்டேன். அவள் எழும்பவில்லை. பந்தைக்கூடப் பார்க்கவில்லை. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவள் மாதிரி நின்றுகொண்டிருந்தாள். தோளைத் திருப்பியிருந்தால் போதும், பக்கத்தில் போய் விழுந்திருப்பேன். பதினான்கு வருட ஆட்டக்காரிக்கு அது தெரியாதா? திருப்பவில்லை. எழும்பாதவளுக்கு ஒரு பாடம் என்று அந்த அரை நொடியில் நினைத்தேன். நினைத்தது நிஜம். முழு பலத்தோடு அவள் பொட்டில் போய் இறங்கினேன்.

சத்தம் பெரிதாக இல்லை. நின்ற இடத்திலேயே மடங்கி விழுந்தாள். முதலில் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. பிறகு வாயில் நுரை. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. குதிகால் புல்லைக் குத்திக் குத்தி இரண்டு குழி விழுந்துவிட்டது. மேடம் ஓடி வந்து கண்ணிமையைத் தூக்கினார். ஒரு கருவிழி சின்னதாக, மற்றது பெரியதாக விரிந்து கிடந்தது.

"ஆம்புலன்ஸ்!" என்று மேடம் கத்திய கத்தலில் அவருடைய குரல் உடைந்தது.

நான் பக்கத்தில் நின்று, "எந்திரிடி, எந்திரி" என்று அவள் காலை உதைத்துக்கொண்டிருந்தேனாம். எனக்கு அது நினைவில்லை. பெண்கள் சொன்னார்கள்.

பிப்ரவரி 12, வியாழன்

மூளை வீங்கிவிட்டது. மண்டை ஓட்டில் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள், வீக்கத்துக்கு இடம் விட. எடுத்த எலும்பு கெடாமல் இருக்க வயிற்றைக் கிழித்து உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார்களாம். அதை டாக்டர் சொல்லும்போது குழலியின் அம்மாவும் நின்று கேட்டார். கடலூரிலிருந்து கட்டிய புடவையோடு வந்திருந்தார். பக்கத்தில் இருந்த பெண்களிடம், "எவ மோதுனா?" என்று கேட்டார். நானே எழுந்து நின்றேன்.

முதல் அறை காதில். இரண்டாவது கன்னத்தில். பிறகு செருப்பைக் கழற்றினார். என் மேல் கை வைத்தவர்களை நான் சும்மா விட்டதே கிடையாது, என் கையும் தானாகத்தான் எழும்பியது. அதைப் பின்னால் கொண்டுபோய் மற்ற கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். "எம் புள்ள உன்னப் பத்தித்தானடி பேசிக்கிட்டே இருப்பா. நிரோக்கா நிரோக்கான்னு. அந்த வாய்க்கு என்னாடி பண்ணிட்ட?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். காவலாளி வந்து பிரித்தார். உதடு கிழிந்தது. இன்னும் நாலு அடி அடித்திருக்கலாம் அந்த அம்மா.

மேடம் என்னைக் குழாயடிக்குக் கூட்டிப் போய் முகம் கழுவிவிட்டார். அப்போதுதான் சொன்னேன்.

"மேடம், அவளுக்கு அஞ்சு இல்ல. பத்து. ஒரு தபா கேட்டதுமே பத்தும் பாடினா. நான்தான் அஞ்சு சொல்ல வெச்சேன்."

மேடத்தின் கை என் முகத்திலேயே நின்றுவிட்டது.

"அவளுக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "அன்னிக்கு உன்கிட்ட கேட்டேனே நிரோ," என்றார். "கேட்டேனே." அந்த அம்மா செருப்பால் அடித்தபோதுகூட இந்த அளவுக்கு வலிக்கவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

கிளப் அலுவலகத்தில் கூட்டம். மேடத்திடம் சொன்னதையே எல்லோர் முன்னும் சொன்னேன். சார் மேசையைக் குத்தினார். "ஃபைனலுக்கு இன்னும் ரெண்டு நாள்! இத ஃபைனல் முடிஞ்சு திங்கக்கெழம சொல்லியிருக்கக் கூடாதா? இவ்ளோ நாள் வாய மூடிட்டுத்தான இருந்த?"

"இவ்ளோ நாள் மூடினு இருந்ததுக்குத்தான் சார் அவ அங்க பட்த்துனு இருக்கா."

வெயிட் பேப்பரை எடுத்து என் மேல் எறிந்தார். தோளில் பட்டது. மேடம் எழுந்து, பழைய மதிப்பெண் எதுவும் செல்லாது, இந்த சீசனில் தலையில் அடிபட்ட யாரும் ஆட முடியாது என்றார். ஏழு பேர். வெளியே வந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி காறித் துப்பினாள். ஒருத்தி, "நீ ஆடி முட்சிட்ட, எங்க பொழப்புல மண்ணப் போட்டுட்ட" என்று சட்டையைக் கிழித்தாள். அவளுக்கு ஐந்து சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

கடைசியில் மேடம் என்னையும் சோதித்தார். "இந்த தடவ நடிக்காத."

நடிக்கவில்லை. கண்ணை மூடி யோசித்துச் சொன்னேன். ஆறு சொல்லிவிட்டதாக நினைத்தேன்.

"நாலுதான் நிரோ. சாவிய ரெண்டு தடவ சொன்ன. கடப்பாரை லிஸ்ட்லயே இல்ல."

"இருக்கு மேடம். மழைக்கு அப்றம் கடப்பாரை."

மேடம் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். பிறகு என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் அழுதேன். மிக்ஸி, டியூப் லைட், அம்மா எல்லாவற்றையும் சொன்னேன். இந்த நோட்டை அவரிடமே கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஃபைனல். 0–6. நான் வீட்டில் அம்மா பக்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன்.

மார்ச் 1, ஞாயிறு

மேடம் குழலியின் அம்மாவிடம் பேசியிருக்கிறார். இன்று வார்டுக்குள் விட்டார்கள். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

குழலிக்குத் தலையில் துணித் தொப்பி. இடது பக்கம் உள்ளே வாங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது. என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். தோலுக்கு அடியில் கெட்டியாக, வளைவாக ஒரு சில்லு தட்டுப்பட்டது.

"இங்கதான் இருக்குக்கா எம் மண்ட."

"தெரியும்டி."

"ஃபைனல் எப்போக்கா?"

"முட்சிச்சு. தோத்துட்டோம். ஒன்ன நான்தான் மோதினேன் குழலி. பாத்துக்கினே மோதினேன். மேடத்தாண்ட பொய் சொன்னதும் நான்தான்."

கவனமாகக் கேட்டுக்கொண்டாள். தலையை ஆட்டினாள். ஜன்னல் பக்கம் நின்ற அம்மாவின் தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, ஃபைனல் எப்போக்கா?" என்றாள்.

திரும்பச் சொன்னேன். எல்லாவற்றையும், முதலிலிருந்து. எத்தனை தடவை கேட்டாலும் அத்தனை தடவையும் சொல்ல வேண்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டேன். அது எனக்கான தண்டனை என்றால் அப்படியே இருக்கட்டும்.

கிளம்பும்போது மனசு கேட்கவில்லை. "குழலி, அந்தப் பாட்டு ஞாபகம் இருக்கா? பத்து வார்த்த?"

முகம் மலர்ந்துவிட்டது. நல்ல கையால் படுக்கையில் தாளம் தட்டினாள். மெட்டு ஒரு இம்மி பிசகவில்லை. "கரண்டி, சாவி, மழை, ம்ம்ம், எறும்பு, ம்ம், ம்ம்ம், ம்ம், நாய், ம்ம்ம்." வார்த்தை இல்லாத இடத்தில் மெட்டு மட்டும் போனது. முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

சரியாக ஐந்து. எனக்கு ஒரு நொடி உயிர் வந்தது. "அடிப்பாவி, இப்பவும் ஞாபகம் வெச்சினு நடிக்கிறியா? இங்க யாரும் மார்க் போடல. பத்தும் சொல்லு."

"நடிக்கலக்கா," என்றாள் குழலி. "அவ்ளோதான் வருது."

விட்டுப்போன ஐந்தையும் நானே எடுத்துக் கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். பையிலிருந்து இந்த நோட்டை எடுத்து, ஜனவரி 7 என்று போட்டிருந்த பக்கத்தைத் தேட வேண்டியிருந்தது.